8 ஏக்கருக்கு எந்த ரைடிங் மோவர்? ஜீரோ டர்னா, டிராக்டரா?

மேட்டுக்காடு:

வணக்கம். மொத்தம் 8 ஏக்கர் இடம், நடுவில் வீடு. இதுவரை கையால் தள்ளும் சின்ன மோவரை வைத்து வீட்டைச் சுற்றி மட்டும் நாங்களே வெட்டிக்கொண்டிருந்தோம். மீதிக்கு ஆள் வைத்தோம். இப்போது ஆள் கிடைப்பதில்லை, புல்லோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அதனால் உட்கார்ந்து ஓட்டும் மோவர் வாங்கிவிடலாம் என்று முடிவு.

கடையில் டெக் (கத்திகள் சுழலும் அடிப்பெட்டி) அகலம் 42 அங்குலத்தில் ஆரம்பித்து 60 அங்குலம் வரை காட்டுகிறார்கள். ஒருவர் "24 எச்.பி. இருந்தால் எதையும் வெட்டும்" என்கிறார். இன்னொருவர் ஜீரோ டர்ன் இல்லாமல் 8 ஏக்கரை நினைத்தே பார்க்காதீர்கள் என்கிறார். நல்லதாக ஒன்று வாங்கப் பணம் இருக்கிறது, இரண்டு வாங்க இல்லை. எதை எடுக்கலாம்?

சுழல்கத்தி:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு 60 அங்குல ஜீரோ டர்ன் எடுங்கள். இரண்டு லீவரையும் தள்ளினால் முன்னால் போகும். ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுத்தால் நின்ற இடத்திலேயே சுற்றும். மரத்தடியை வெட்டிவிட்டு, விட்டுப்போன புல்லுக்காக மறுபடி டிரிம்மரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் வெட்டிக்கொண்டே போகலாம். அதில் ஒரு தடவை உட்கார்ந்தவர் ஸ்டீயரிங் வைத்த மோவர் பக்கம் திரும்பவே மாட்டார்.

ஸ்பேனர்பெட்டி:

கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால், அப்புறம் கண்ணைத் திறந்துகொண்டு ரிப்பேர் பார்க்க வேண்டிவரும் தம்பி. உங்கள் நிலம் மட்டமானது, உங்களுக்கு ஜீரோ டர்ன் சரி. அவர் நிலம் எப்படி என்று நமக்கு இன்னும் தெரியாதே.

மேட்டுக்காடு, 8 ஏக்கர் என்பது பத்திரத்துக்கான அளவு. மோவர் வாங்க வேறு விவரம் வேண்டும். அதில் வாராவாரம் வெட்டியாக வேண்டிய புல்வெளி எவ்வளவு? முழங்காலுக்கு மேல் வளரவிட்டு எப்போதாவது வெட்டும் இடம் எவ்வளவு? கல், வேர், எலி வளை, பழைய உழவு மேடு உண்டா? மிகச் செங்குத்தான இடத்தில் சரிவு எவ்வளவு? மரங்கள் வரிசையாக இருக்கின்றனவா, கண்டபடி இருக்கின்றனவா, தாழ்ந்த கிளை எந்த உயரத்தில்? குறுகலான கேட்டின் அகலம் என்ன?

சரிவை மட்டும் கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். சரியாக 1 மீட்டர் நீளமுள்ள நேரான சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, மேலே ரசமட்டம் வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை டேப்பால் அளந்து எழுதுங்கள். 18 செ.மீ. வந்தால் சுமார் 10 டிகிரி, 27 செ.மீ. வந்தால் 15 டிகிரி. பெரும்பாலான ரைடிங் மோவர்களின் கையேட்டில் 15 டிகிரிதான் கடைசி எல்லை. சிலவற்றில் அதற்கும் கீழே. மோவரின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் கணக்கு.

24 எச்.பி. பற்றி ஒரு வார்த்தை. ஸ்டிக்கரில் இருக்கும் அந்த எண், ஏர் கிளீனர், சைலன்சர் எல்லாம் இல்லாமல் இன்ஜினை மட்டும் பெஞ்சில் வைத்து அளந்த மொத்தத் திறன். புல்லில் இறங்கினால் கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. அதனால் எச்.பி.-யை ஒப்பிட்டு வண்டி தேர்ந்தெடுக்காதீர்கள். டிரான்ஸ்மிஷன் என்ன மாடல், டெக் எத்தனை மி.மீ. தகடு, ஸ்பிண்டிலில் (கத்தி சுழலும் அச்சு) கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் முகம் மாறுவதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மேட்டுக்காடு:

அளந்துவிட்டேன் அண்ணா.

வீட்டைச் சுற்றிப் புல்வெளி 2 ஏக்கர், ஓரளவு மட்டம், வீட்டுக்குப் பின்னால் மட்டும் 1 மீட்டருக்கு 15 செ.மீ. இறக்கம். அதையொட்டிப் பழமரத் தோப்பு 3 ஏக்கர். வரிசையாக நட்டதுதான், ஆனால் கிளைகள் நெஞ்சு உயரத்துக்கு இறங்கியிருக்கின்றன, அங்கங்கே வேர் துருத்திக்கொண்டிருக்கிறது. மீதி 3 ஏக்கர் கரடு. இடுப்பளவு புல், நடுநடுவே முள்செடி, உள்ளே என்ன கிடக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். அது கீழே குளத்தில் போய் முடிகிறது. கடைசிச் சரிவில் 31 செ.மீ. வந்தது. நம்பாமல் இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தேன், அங்கேயும் கிட்டத்தட்ட அதுதான். புல்வெளிக்கும் தோப்புக்கும் நடுவில் உள்ள கேட் 4 அடி.

சுழல்கத்தி:

கேட்டை அகலப்படுத்திவிட்டால் போச்சு. 60 அங்குலமே எடுங்கள், 8 ஏக்கரும் 3 மணி நேரத்தில் முடியும்.

ஸ்பேனர்பெட்டி:

அந்த 3 மணி நேரக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டெக் அகலத்தை மீட்டரில் எடுத்து, வேகத்தால் (மணிக்கு கி.மீ.) பெருக்கி, 10-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்தில் வெட்டும் ஹெக்டேர். திரும்புவதற்கும், வெட்டிய வரிமேல் கொஞ்சம் ஏறி ஓட்டுவதற்கும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 60 அங்குலம் என்பது 1.52 மீட்டர். மணிக்கு 10 கி.மீ. ஓட்டினால் 3 ஏக்கர் வருகிறது. ஆக, 8 ஏக்கருக்கு 3 மணி நேரத்துக்குள். கணக்கு சரிதான்.

ஆனால் மேடுபள்ளத்தில் 10 கி.மீ. வேகம் யாருக்கு வரும்? ஜீரோ டர்னில் முன்னால் இருப்பவை எந்தப் பக்கமும் தானாகத் திரும்பும் சின்ன காஸ்டர் சக்கரங்கள். ஒவ்வொரு குழியிலும் விழுந்து எழும், அந்த அடி நேராக முதுகுக்கு வரும். தானாகவே வேகத்தை 5 கி.மீ.-க்குக் குறைத்துவிடுவீர்கள். அப்போது மணிக்கு ஒன்றரை ஏக்கர்தான். 42 அங்குல லான் டிராக்டரை (ஸ்டீயரிங் வைத்த சாதாரண ரைடிங் மோவர்) 6 கி.மீ.-இல் ஓட்டினால் மணிக்கு ஒன்றேகால் ஏக்கர். ஏறக்குறைய ஒரு கால் ஏக்கர் வித்தியாசத்துக்கா அவ்வளவு பெரிய வண்டி? சஸ்பென்ஷன் உள்ள ஜீரோ டர்ன் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும், ஆனால் அதற்கான விலையும் மாறும்.

டெக் அகலமாக ஆக இன்னொரு தொல்லை. நிலம் அலை அலையாக இருந்தால் அகல டெக் மேட்டை மொட்டையடித்துவிடும், பள்ளத்தைத் தொடாமல் போய்விடும். உங்கள் தோப்புக்கு 48-க்கு மேல் போகாதீர்கள். கேட்டைக் கொஞ்சம் அகலப்படுத்தத்தான் வேண்டும். 42 அங்குல டெக்கே, பக்கவாட்டில் புல் தள்ளும் மூடியையும் சேர்த்தால் 4 அடியைத் தாண்டிவிடும். மூடியைத் தூக்கிப் பிடித்து நுழைக்கலாம், ஆனால் வாராவாரம் அதைச் செய்வது எரிச்சல்.

டீசல்வாசம்:

3 ஏக்கர் இடுப்பளவு புல் என்றதுமே இது லான் மோவர் விஷயம் இல்லை நண்பர்களே. சின்ன 4 வீல் டிரைவ் டீசல் டிராக்டர், 20-25 எச்.பி., பின்னால் கருவி மாட்டும் த்ரீ பாயிண்ட் லிங்கேஜ், அந்தக் கருவியைச் சுழற்றும் 540 ஆர்.பி.எம். பி.டி.ஓ. தண்டு. அதில் ரோட்டரி கட்டர் மாட்டினால் கட்டைவிரல் பருமன் செடி வரை நொறுக்கிக்கொண்டு போகும். கத்திகள் கீலில் தொங்குவதால், கல்லிலோ கட்டையிலோ பட்டால் மடங்கிப் பின்வாங்கும். லான் மோவரின் கத்தி நேராக ஸ்பிண்டிலில் போல்ட் போட்டு இறுக்கியது. அது பட்டால் கத்தி வளையும், இல்லையென்றால் ஸ்பிண்டில் போகும்.

அதே டிராக்டரில் வயிற்றுக்கடியில் மோவர் டெக் மாட்டிப் புல்வெளியையும் வெட்டலாம். முன்னால் லோடர் போட்டால் மண், எரு, விறகு எல்லாம் அள்ளலாம். ஒரே வண்டி வாங்கத்தான் பணம் என்றால் எல்லா வேலைக்கும் வரும் ஒரே வண்டி இதுதான்.

ஸ்பேனர்பெட்டி:

வரும். ஆனால் எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்யும். லோடரையும் சேர்த்தால் ஒரு டன்னை நெருங்கும் வண்டி அது. மழைக்கு மறுநாள் வீட்டு முன் புல்வெளியில் திருப்பினால் டயர் தடம் வாரக்கணக்கில் மறையாது. தோப்பில் நெஞ்சளவு கிளைக்கடியில், பின்னால் உருள்தடுப்புக் கம்பி (வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரை நசுங்காமல் காப்பது) நின்றுகொண்டிருக்கும் டிராக்டரை எப்படி நுழைப்பார்? கம்பியை மடக்கலாம். மடக்கினால் பாதுகாப்பும் கூடவே மடங்கிவிடும். லோடரையும் டெக்கையும் மாட்டிக் கழற்றும் வேலை முதல் மாதம் உற்சாகமாக இருக்கும். அப்புறம் எது மாட்டியிருக்கிறதோ அதை வைத்தே எல்லாவற்றையும் செய்யப் பார்ப்போம், எல்லாரும் அப்படித்தான்.

டீசல்வாசம்:

டெக் மாட்டுவது கஷ்டம் என்பது பழைய கதை. இப்போது தரையில் கிடக்கும் டெக் மேல் அப்படியே ஓட்டி ஏற்றி மாட்டும் மாடல்கள் இருக்கின்றன. தடம் விழும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், புல்வெளிக்கான டர்ஃப் டயர் போட்டால் குறையும்.

வரப்போரம்:

நீங்கள் இருவரும் எந்த வண்டி என்று சண்டை போடுகிறீர்கள். குளத்துப் பக்கம் 31 செ.மீ. என்று அவர் எழுதியதை யாருமே கவனிக்கவில்லையா? அது 17 டிகிரி. கீழே தண்ணீர். அங்கே உட்கார்ந்து ஓட்டும் எதையும் இறக்கக் கூடாது. லான் டிராக்டர், ஜீரோ டர்ன், டிராக்டர், எதுவாக இருந்தாலும்.

ஜீரோ டர்னில் முன் சக்கரங்களுக்குத் திசை திருப்பும் வேலையே இல்லை. திருப்புவது, நிறுத்துவது எல்லாம் பின் சக்கரங்களின் பிடியை நம்பித்தான். ஈரப் புல்லில் அந்தப் பிடி விட்டுப்போனால் லீவரை எந்தப் பக்கம் இழுத்தாலும் வண்டி சறுக்கிக்கொண்டு கீழேதான் போகும். ஸ்டீயரிங் வண்டியிலாவது முன் சக்கரம் கொஞ்சம் பேச்சைக் கேட்கும். மோவர் உருண்டு நடக்கும் சாவுகளில் வண்டிக்கு அடியில் சிக்கியோ தண்ணீரில் விழுந்தோ போனவர்கள் உண்டு. அதனால்தான் பள்ளத்தின் விளிம்பு, நீர்க்கரை பக்கத்தில் மோவரின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு இடம் விட்டு ஓட்டச் சொல்கிறார்கள்.

லான் டிராக்டரில் சரிவில் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்காகப் போகக் கூடாது. கையால் தள்ளும் மோவருக்கு இதற்கு நேர் எதிர். நீங்கள் அதில் பழகியவர் என்பதால் சொல்கிறேன், கை பழக்கத்தில் குறுக்கே திருப்பிவிடாதீர்கள். உருள்தடுப்புக் கம்பி உள்ள வண்டியில் கம்பி நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் கட்டாயம். கம்பி மடங்கியிருந்தால் பெல்ட் போடக் கூடாது, வண்டி கவிழ்ந்தால் குதித்து விலக முடியாது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் மடியில் வைத்து ஒரு ரவுண்டு என்ற பேச்சே வேண்டாம். பின்னால் எடுக்கும்போது கத்தியை நிறுத்தும் சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றி வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கத்தி நுனியின் வேகத்துக்கு அமெரிக்கத் தரநிலை வைத்திருக்கும் உச்சவரம்பே நிமிடத்துக்கு 19,000 அடி, மணிக்கு ஏறக்குறைய 350 கி.மீ. அந்த வேகத்தில் தெறிக்கும் கல்லுக்கு, வண்டிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கத் தெரியாது.

மேட்டுக்காடு:

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு மறுபடி போய்ப் பார்த்தேன். குளத்துக்கு மேலே ஒரு பட்டை மட்டும்தான் அவ்வளவு சரிவு. அதை அப்படியே காடாக விட்டுவிடலாம் போலிருக்கிறது. வெட்டினால் மண்தான் குளத்துக்குள் இறங்கும்.

வரப்போரம்:

விட்டுவிடுங்கள். தேவைப்பட்டால் நடந்துபோய் பிரஷ் கட்டரால் ஒதுக்கிக்கொள்ளலாம்.

அரைஏக்கர்:

நடுவில் ஒரு கேள்வி. பேட்டரி ரைடிங் மோவர் யாராவது ஓட்டுகிறீர்களா? சத்தம் இல்லை, ஆயில் இல்லை என்று விளம்பரம் பார்த்தேன்.

சுழல்கத்தி:

பக்கத்து இடத்துக்காரர் ஓட்டுகிறார், நானும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிரண்டு ஏக்கர் புல்வெளிக்கு அருமை. பல மாடல்களில் ஒவ்வொரு கத்திக்கும் தனி மோட்டார், பெல்ட் தொல்லையே இல்லை. ஆனால் ஒரு சார்ஜுக்கு இத்தனை ஏக்கர் என்று எழுதியிருப்பது, வாராவாரம் வெட்டிய காய்ந்த புல்லுக்கு. இரண்டு வாரம் விட்டுவிட்டு ஈரத்தில் இறக்கினால் சார்ஜ் மளமளவென்று இறங்கும். உங்கள் பெயருக்கு ஏற்ற இடம் என்றால் தாராளமாக எடுங்கள்.

மேட்டுக்காடு:

அண்ணா, முதல் பதிவில் டிரான்ஸ்மிஷன் மாடலைக் கேட்கச் சொன்னீர்கள். ஏன்? எல்லாமே ஹைட்ரோஸ்டாட்டிக் என்றுதான் போட்டிருக்கிறது.

ஸ்பேனர்பெட்டி:

கேட்டதற்கு நன்றி, என் பட்டறைக்கு வரும் பாதி வண்டிகளின் கதை இதுதான்.

ஹைட்ரோஸ்டாட்டிக் என்றால் பம்ப் ஆயிலை அழுத்தி மோட்டாரைச் சுழற்றுகிறது, கியர் மாற்ற வேண்டாம். மிதியை அழுத்தினால் போகும். ஆனால் அந்தப் பெயருக்குள் பல தரம் இருக்கிறது. விலை குறைந்த லான் டிராக்டர்களில் வருவது சீல் வைத்த பெட்டி. ஆயில் மாற்ற வடிகால் பிளக்கே கிடையாது. மட்டத்தில் வருடக்கணக்கில் ஓடும். சரிவில், பின்னால் டிரெய்லர் மாட்டி ஓட்டினால் ஆயில் சூடாகி நீர்த்துப்போகும். காலையில் ஏறிய மேட்டில் அரை மணி நேரம் கழித்து வண்டி முனகும், மிதியை முழுக்க அழுத்தினாலும் ஊர்ந்துதான் போகும். ஓட்டுபவர் இன்ஜினில்தான் கோளாறு என்று பிளக்கை மாற்றுவார். இன்ஜின் பாவம், ஒன்றும் செய்திருக்காது.

அதனால்தான் லான் டிராக்டர் வேறு, கார்டன் டிராக்டர் வேறு. தூரத்தில் பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். கார்டன் டிராக்டரில் சேசிஸ் கனம், பின் டயர் பெரிது, முன் ஆக்ஸில் பெரும்பாலும் வார்ப்பு இரும்பு, டிரான்ஸ்மிஷனில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றலாம். கையேட்டில் கலப்பை மாதிரி மண்ணைக் கிளறும் கருவிகளை மாட்டலாம் என்று எழுதியிருந்தால் அது கார்டன் டிராக்டர், மாட்டக் கூடாது என்று எழுதியிருந்தால் லான் டிராக்டர். இதைவிட எளிதாக அடையாளம் காண வழியில்லை.

டெக் தகட்டை கேஜ் எண்ணில் சொல்வார்கள். எண் குறையக் குறைய கனம் கூடும். 7 கேஜ் என்றால் சுமார் 4.5 மி.மீ., 10 கேஜ் சுமார் 3.4, 12 கேஜ் 2.7. வேர் துருத்தும் தோப்பில் 10-க்கு மேல் எண் உள்ள டெக்கை நான் வாங்க மாட்டேன்.

டீசல்வாசம்:

பழைய வண்டி என்றாலும் இதே பார்வைதானே? கனமான கார்டன் டிராக்டர் புதிதாகக் கிடைப்பது குறைந்துவிட்டது. பழையதில் நல்லவை உண்டு.

ஸ்பேனர்பெட்டி:

உண்டு, பார்த்து வாங்கினால். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஸ்டார்ட் ஆவதையும் முதல் புகையையும் பார்க்க முடியும். நீலமாக வந்து நிற்காமல் இருந்தால் ஆயில் எரிகிறது. அப்புறம் விற்பவர் முகத்தைப் பார்க்காமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள், வெட்டுங்கள். சூடான பிறகு ஒரு மேட்டில் நிறுத்தி, அங்கிருந்தே மேல்நோக்கி எடுத்துப் பாருங்கள். ஹைட்ரோ தளர்ந்திருந்தால் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜினை அணைத்து, பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு, கையுறையோடு கத்தியின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். டக் டக் என்று ஆடினால் ஸ்பிண்டில் பேரிங் போய்விட்டது. வண்டி ஓடிய மணி நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் 200 என்று காட்டி, மிதியின் ரப்பர் வழுக்கையாக இருந்தால் ரப்பரை நம்புங்கள்.

மேட்டுக்காடு:

எல்லோருக்கும் நன்றி. கடைசியில் இப்படித் தீர்மானித்திருக்கிறோம். 2 ஏக்கர் புல்வெளிக்கும் 3 ஏக்கர் தோப்புக்கும் 48 அங்குல டெக் உள்ள கார்டன் டிராக்டர். அண்ணா சொன்ன கணக்கில் புல்வெளிக்கு ஒன்றரை மணி நேரம், தோப்புக்கு இரண்டரை மணிக்குள். தோப்பை வாராவாரம் வெட்டப் போவதுமில்லை. கரடு 3 ஏக்கருக்கு வண்டி வாங்கப்போவதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை ரோட்டரி கட்டர் வைத்த டிராக்டரை வாடகைக்கு வரச்சொன்னால் போதும். குளத்தோரப் பட்டை தீண்டப்படாது. கேட்டை 6 அடியாக்க ஆள் சொல்லியாகிவிட்டது.

சுழல்கத்தி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சுழல்கத்தி:

கோபமெல்லாம் இல்லை. தோப்பில் ஒவ்வொரு மரத்தையும் சுற்றி விட்டுப்போகும் அந்த வட்டத்தை டிரிம்மரோடு வெட்டும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

டீசல்வாசம்:

வாடகைக்கு வருபவரிடம் முதல் தடவை கரட்டில் இறங்கும் முன் நடந்து பார்த்து, கல், கம்பி இருக்கும் இடத்தில் குச்சி நட்டு அடையாளம் காட்டிவிடுங்கள். பழைய முள்கம்பி ரோட்டரி கட்டரில் சுற்றிக்கொண்டால் அவர் அடுத்த தடவை வர மாட்டார்.

ஸ்பேனர்பெட்டி:

நல்ல முடிவு. வண்டி வந்ததும் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அனுப்பும்போது அதிகமாக அடைத்து அனுப்புவது வழக்கம். கையேட்டில் உள்ள அளவுக்குக் குறைத்து, இரண்டு பக்கமும் சமமாக்கிவிட்டு, அதன் பிறகுதான் டெக் மட்டம் பார்க்க வேண்டும். காற்று ஏற்ற இறக்கமாக இருந்தால் டெக் சாய்ந்துதான் இருக்கும், நீங்கள் எவ்வளவு திருகினாலும் சரியாகாது. முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும், பல இன்ஜின்களுக்கு 5 மணி நேர ஓட்டத்திலேயே. வெட்டும்போது த்ராட்டில் முழுசாக இருக்கட்டும். பாவம் பார்த்துக் குறைத்து ஓட்டினால் காற்றில் குளிரும் இன்ஜினுக்கு அதுதான் கெடுதல்.

மேட்டுக்காடு:

டெக்கின் முன்பக்கம் கொஞ்சம் தாழ்வாக இருக்க வேண்டும் என்று எங்கோ படித்தேன். எவ்வளவு?

ஸ்பேனர்பெட்டி:

பெரும்பாலும் 3-லிருந்து 6 மி.மீ., உங்கள் மாடலுக்கு உள்ளதைக் கையேட்டில் பாருங்கள். டெக்கின் விளிம்பிலிருந்து அளக்காதீர்கள், கத்தியின் நுனியிலிருந்து அளக்க வேண்டும். கத்தியை நெடுக்காகத் திருப்பி முன் நுனியையும் பின் நுனியையும் பாருங்கள், பிறகு குறுக்காகத் திருப்பி இடது வலது. பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு.